இரும்பு வயிறும் பதினெட்டு வளைவுகளும்

எங்கள் மலைப் பாதையில் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். பதினான்கு வருடமாக அந்தப் பாதையில் ஓடும் பேருந்துக்கு நான்தான் கண்டக்டர். பொம்பளை கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள் என்று நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, யார் எந்த வளைவில் வாந்தி எடுக்கப்போகிறார் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு வளைவு முன்பே கவரோடு போய் நிற்பது.

அதில் நான் கெட்டிக்காரி. சலசலவென்று பேசிக்கொண்டு வந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்துவார். கொட்டாவி விடுவார், அது தூக்கக் கொட்டாவி இல்லை. உதடு வெளுக்கும். நெற்றி வேர்க்கும், ஆனால் கையைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். கடைசியில் வாயில் எச்சில் ஊறும். அதை விழுங்கி விழுங்கிச் சமாளிக்கப் பார்ப்பார். விழுங்க ஆரம்பித்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் நிறுத்த முடியாது, கவரை நீட்டிவிட வேண்டியதுதான்.

இந்தக் கதை என்னைப் பற்றியது அல்ல, என் டிரைவர் அண்ணனைப் பற்றியது. டிப்போவில் அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், ‘இரும்பு வயிறு’ என்றால்தான் தெரியும். முப்பத்தியொரு வருடம் அதே பாதையில் ஓட்டியவர். ஒரு நாள்கூட அவர் முகம் சுளித்ததில்லை, ஒரு ஏப்பம்கூட விட்டதில்லை. அந்தத் திமிர் அவருக்கு நிறையவே உண்டு. யாராவது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினால் போதும், ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே பிரசங்கம் ஆரம்பித்துவிடுவார்.

“மனசுல தெம்பு இல்லாதவங்கதான் வாந்தி எடுப்பாங்க. என்னைப் பாருங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி இறங்குறேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு. எல்லாம் மனசுதான்யா!”

பிரசங்கத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பெயின்டரைக் கூப்பிட்டு ஒரு பலகை எழுதி வாங்கி, பயணிகள் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டார். ‘மனதைத் திடமாக வைத்தால் வாந்தி வராது. மீறி எடுப்பவர் வண்டியைத் தாமே கழுவித் தரவும்.’ மேலிருந்து இறங்கும்போது ஏழாவது வளைவில் ஒரு தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அங்கே வண்டியை நிறுத்துவார். பாவம், காய்ந்த முகத்தோடு பயணி இறங்கி வாளியைத் தூக்குவார். மலையுச்சியில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதரைக்கூட விடவில்லை. வேட்டியை மடித்துக் கட்டவைத்துக் கழுவச் சொன்னார். கடைக்காரருக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் எங்கள் வண்டி பாதி மலையில் படுத்துவிட்டது. டிப்போவிலிருந்து எங்களை அழைத்துவர ஜீப் வந்தது. “நீ போ தங்கச்சி, நான் வண்டிக்குக் காவல் இருக்கேன்” என்று அண்ணன் ஒற்றைக்காலில் நின்றார். மெக்கானிக் இருக்கிறாரே, நீங்கள் எதற்கு என்று நான் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டேன். முதல் வளைவில் பேச்சு நின்றது. இரண்டாவதில் கொட்டாவி. என் கண் சும்மா இருக்குமா? உதட்டைப் பார்த்தேன், வெள்ளைக் காகிதம். மூன்றாவது வளைவில் “கொஞ்சம் காத்து வாங்கிட்டு வர்றேன்” என்று இறங்கி ஒரு பாறைக்குப் பின்னால் போனார். நான் தண்ணீர் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். கையும் களவுமாகப் பிடிபட்ட திருடன்கூட அப்படி விழித்திருக்கமாட்டான்.

“யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி” என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு.

அன்றைக்குத்தான் முழுக் கதையும் வெளியே வந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு எந்த வண்டியும் ஆகாது. பத்தொன்பது வயதில் லாரியில் கிளீனராகச் சேர்ந்திருக்கிறார். ஏறிய நாளிலிருந்து வாந்தி. லாரி டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டுவாராம். ஒரு நாள் டிரைவருக்குக் கை சுளுக்கிக்கொண்டது. ஆளில்லாத நேர்ரோட்டில், “நீ கொஞ்சம் பிடிடா” என்று ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார். இரண்டு மணி நேரம் ஓட்டினார். வாந்தியும் இல்லை, தலைசுற்றலும் இல்லை.

“அன்னைக்கு முடிவு பண்ணேன். இனிமே வண்டின்னா ஸ்டியரிங்குக்குப் பின்னாடிதான். வேற எங்கயும் உக்கார மாட்டேன்.”

வண்டி மேல் ஆசைப்பட்டு டிரைவரானவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாந்திக்குப் பயந்து டிரைவரானவர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். தன் கல்யாணத்தன்று பெண் வீட்டிலிருந்து வந்த வேனின் டிரைவரை இறக்கிவிட்டு, புதுச் சட்டையோடு தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். மாப்பிள்ளைக்கு எவ்வளவு கெத்து பாரு என்று எல்லாரும் வியந்திருக்கிறார்கள். புதுப் பெண் பின் சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

அந்தப் பெண்தான் எங்கள் அண்ணி. அன்று தனியாக உட்கார்ந்தவர், அதற்கப்புறம் இருபத்தியேழு வருடமும் தனியாகவே உட்கார்ந்தார். தங்கை வீட்டு விசேஷமா, அவர் மட்டும் பஸ்ஸில் போவார். அண்ணனுக்கு அன்றைக்குப் பார்த்து டூட்டி வந்துவிடும். டூட்டி இல்லாவிட்டால் முந்தின நாளே சைக்கிளை மிதித்துப் போய்ச் சேர்ந்துவிடுவார். ஒரு மதியம் டிப்போவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணி, பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸ் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“என்கூடச் சேர்ந்து உக்காந்து வர்றது அவருக்குக் கேவலம்மா. நான் படிக்காதவ. நாலு பேர் முன்னாடி ஏதாவது உளறிடுவேன்னு நினைக்கிறார் போல. போகட்டும், அடிக்கலையே, திட்டலையே.”

எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அண்ணனுக்குச் சத்தியம் பண்ணியிருந்தேனே, விழுங்கிக்கொண்டேன். ஆனால் அண்ணனை விடவில்லை. அன்று மாலையே பிடித்துக்கொண்டேன்.

“ஏண்ணே, உங்களுக்கு அறிவிருக்கா? நீங்க அவங்கள மதிக்கலன்னு அண்ணி நினைச்சுட்டிருக்காங்க. அது பரவாயில்ல, வாந்தி மட்டும் தெரியக்கூடாதா?”

“அது என்னை மலை மாதிரி நினைச்சுட்டிருக்கு” என்றார். “எனக்கு வயிறு புரட்டும்னு எப்படிச் சொல்றது?”

ஆண்கள் மானத்தை எங்கெங்கேயோ கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். இவர் இரைப்பையில் வைத்திருந்தார்.

இப்படியே ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெறுகிறவர் தன் கடைசி ட்ரிப்பை மலைக்கு மேலே ஓட்டிப்போய் நிறுத்துவார். அங்கே நாலு பேர் பேசுவார்கள், பரிசு கொடுப்பார்கள். பிறகு அவருடைய இடத்துக்கு வரும் புது டிரைவர் வண்டியைக் கீழே ஓட்டுவார். ஓய்வு பெற்றவர் தன் மனைவியோடு மரியாதை சீட்டில் உட்கார்ந்து வருவார். இன்ஜின் பெட்டியை ஒட்டி, பயணிகளைப் பார்த்தபடி பின்பக்கம் திரும்பியிருக்குமே, அந்த சீட்டுதான் மரியாதை சீட். எல்லாரும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமாம்.

தன் முறை வந்ததும் அண்ணனுக்குத் தூக்கம் போனது. “இறங்கும்போதும் நானே ஓட்டிடுறேனே” என்று மேனேஜரிடம் கெஞ்சிப் பார்த்தார். “என்ன அடக்கம் பாருங்க இவருக்கு!” என்று மேனேஜர் கண் கலங்கிவிட்டார். வீட்டில் அண்ணியோ, கட்டிக்கொண்டவர் பக்கத்தில் முதல் தடவை உட்கார்ந்து வரப்போகிறோம் என்று புதுக் கைப்பை ஒன்று வாங்கிவிட்டார். பழுப்பு நிறம், பித்தளைப் பூட்டு. அதை எனக்கு மூன்று தடவை திறந்து காட்டினார்.

நான் நர்ஸம்மாவிடம் போனேன். மேலே ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர், தினமும் எங்கள் காலை வண்டியில் முன் சீட்டில் வருபவர். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னேன். ஸ்டியரிங்கில் இருந்த அண்ணனின் காது எங்கள் பக்கம் திரும்பியிருந்தது எனக்குத் தெரியும்.

“அது காதுல இருந்து வர்ற கோளாறு” என்றார் நர்ஸம்மா. “உள்காதுல மூணு வளையம் இருக்கு, உள்ள தண்ணி மாதிரி இருக்கும். தலை திரும்பினா அது ஆடும். ‘வண்டி திரும்புது, திரும்புது’ன்னு மூளைக்குத் தகவல் அனுப்பும். கண்ணு என்ன பார்க்குது? பஸ்ஸோட உள்பக்கத்தைப் பார்க்குது. சீட்டு அசையல, கம்பி அசையல. ‘நாம சும்மாதான் உக்காந்திருக்கோம்’னு அது சொல்லுது. ரெண்டு பேரும் ரெண்டு கதை சொன்னா மூளை குழம்பாதா? விஷத்தைத் தின்னாலும் இப்படித்தான் தலை கிறுகிறுக்கும். அதனால, ஏதோ தின்னுட்டான், வெளிய தள்ளுன்னு மூளை உத்தரவு போடுதுன்னு சில டாக்டருங்க சொல்றாங்க.”

“அப்ப அதுக்கும் மன தைரியத்துக்கும் சம்பந்தம் இல்லையா?” என்றேன் வேண்டுமென்றே சத்தமாக.

“பயந்தா கொஞ்சம் கூடும். மத்தபடி, காது நல்லா வேலை செய்யறவங்க யாரா இருந்தாலும் ஆட்டுற ஆட்டத்துல ஆட்டினா வரும்.”

முன்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. “அந்த ஆளு ஓட்டும்போது மட்டும் ஏன் வர்றதில்ல?”

கேட்டபிறகுதான் அண்ணனுக்கே உறைத்தது. அவர் ஓட்டுகிறவர் என்று நான் சொல்லவே இல்லை. நர்ஸம்மா அவருடைய பின்தலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்து முடித்தார்.

“ஓட்டுறவருக்கு எந்தப் பக்கம் திருப்பப்போறோம்னு முன்னாடியே தெரியுமே, டிரைவர் சார். கண்ணும் ரோட்டுலயே இருக்கு. மூளைக்குக் குழப்பமே இல்ல. பின்னாடி உக்கார்றவருக்குத்தான் அந்த வசதி இல்ல.”

மறுநாள் ஒரு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தார். வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் ஆரம்பித்துவிட்டால் இரைப்பை சாமானைக் கீழே அனுப்புவதை நிறுத்திவிடும், அப்புறம் மாத்திரையும் உள்ளேயே கிடக்கும், பிரயோஜனமில்லை. கொஞ்சம் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எல்லாம் நின்றுபோனது. மேலே நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்றால், அண்ணன் மேலே ஓட்டிக்கொண்டிருப்பார்.

“தூக்கம் வர்ற மாத்திரையைப் போட்டுட்டு நான் வண்டி ஓட்டணுமா?” மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்தியொரு வருஷம் இருமல் மருந்துகூடக் குடிச்சுட்டு ஏறினதில்ல. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருப்பாங்க தங்கச்சி. என் மானம் போனா போகுது.”

நான் அவரை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்ட வரவில்லை. மாத்திரை சட்டைப்பைக்குள் போனது.

அந்த நாளும் வந்தது. மேலே ஏறும்போது அவர் ஓட்டியதைப் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வளைவிலும் ஒரு குலுக்கல் இல்லை, நின்றிருந்தவர்கள் கம்பியைப் பிடிக்கக்கூட இல்லை. மேலே மேனேஜர் பேசினார். இரும்பு வயிறு, இரும்பு மனம் என்று மூச்சுவிடாமல் இரும்பாகவே பொழிந்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எல்லார் கண்ணும் அவர்மேலேயே இருந்ததால், வண்டியில் ஏறும் நேரத்தில்தான் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டார்.

மரியாதை சீட்டில் புதுத் துண்டு விரித்திருந்தது. அண்ணன் உட்கார்ந்தார், பக்கத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர்கள் தலைக்கு நேர் மேலே அந்தப் பலகை. முன் சீட்டில் நர்ஸம்மா, மூன்றாவது சீட்டில் காய்கறிக் கடைக்காரர்.

புது டிரைவர் நல்ல பிள்ளைதான். ஆனால் வாத்தியாரை வைத்துக்கொண்டு ஓட்டுகிற பயத்தில் பிரேக்கை மிதித்து மிதித்து எடுத்தான். அண்ணனின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தானும் மிதித்தது. எந்தப் பக்கம் திரும்பப்போகிறது என்று பார்க்க வழியில்லை, கடந்துபோன ரோடுதான் பின்கண்ணாடியில் தெரிந்தது. முதல் வளைவில் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

“ஏங்க, அதோ பாருங்க, என் தங்கச்சி வீட்டுப் பக்கம் போற ரோடு” என்றார் அண்ணி. அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது வளைவில் கொட்டாவி. “பேச மாட்டீங்களா என்கிட்ட?” நாலாவதில் உதடு வெளுத்தது. அண்ணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். அவர் கண் ஓரம் நனைவதை நான் பார்த்தேன். தான் பக்கத்தில் உட்கார்ந்தது புருஷனுக்குப் பிடிக்கவில்லை என்றுதானே அந்த மனுஷி நினைப்பார்!

ஐந்தாவது வளைவில் அண்ணன் விழுங்க ஆரம்பித்தார்.

எச்சில் அப்படி ஊறுவதற்குக் காரணமுண்டு என்று நர்ஸம்மா சொல்லியிருக்கிறார். மேலே வரப்போகிற புளிப்பு பல்லை அரித்துவிடாமல் இருக்க உடம்பு முன்கூட்டியே கழுவி விடுகிறதாம். நான் கவரை எடுக்க என் பைக்குள் கை விட்டேன். கவர் இல்லை. அவசரத்தில் பேச்சு, பரிசு என்று அலைந்து கவர்க்கட்டை மேலேயே ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை, அதுவும் இன்றைக்குப் பார்த்து! நர்ஸம்மா அவசர அவசரமாகத் தன் பையைத் துழாவினார்.

ஆறாவது வளைவு. அண்ணன் ஒரு மூச்சை உள்ளே இழுத்தார், தொண்டை அடைத்துக்கொண்டது. வாந்தி எடுக்கும்போது வயிறு ஏதோ பெரிய வேலை செய்வதாக நாம் நினைக்கிறோம். அது பாவம், சும்மா கிடக்கிறது. மேலேயிருந்து உதரவிதானமும் சுற்றிலும் வயிற்றுத் தசைகளும் சேர்ந்து நெருக்குகின்றன. நெரிசல் பஸ்ஸில் கதவோரம் நிற்கிற ஆள் தான் இறங்கவில்லை என்று கத்தக் கத்த வெளியே தள்ளப்படுவதுபோல உள்ளே இருப்பது வந்து விழுகிறது.

ஆனால் அது வண்டியில் விழவில்லை. அண்ணி ஒரு நொடியில் பித்தளைப் பூட்டைத் திறந்து, புதுக் கைப்பையை அவர் தாடைக்குக் கீழே பிடித்துவிட்டார். இன்னொரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டார். இரண்டு தடவை, மூன்று தடவை. கடைசியாக அந்த மாத்திரை, போட்ட மாத்திரை போட்டபடி, முழுசாக வந்து விழுந்தது.

பலகையின் கீழே இரும்பு வயிறு கைப்பைக்குள் முகத்தை வைத்திருந்தது. அந்தச் சத்தத்தையும் வாடையையும் தாங்கமுடியாமல் பின் சீட்டில் இரண்டு பேர் ஜன்னலைத் திறந்து தங்கள் பங்குக்கு ஆரம்பித்தார்கள்.

“எத்தனை நாளா?” என்றார் அண்ணி மெதுவாக.

“சின்ன வயசுலேர்ந்து” என்றது கைப்பைக்குள்ளிருந்து ஒரு குரல். “ஓட்டினா வராது. உக்காந்தா வரும்.”

அண்ணி கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. கல்யாண வேன், தங்கை வீட்டு விசேஷங்கள், சைக்கிள், டூட்டி. எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது.

“இதுக்குத்தானா?” என்றார். “இருபத்தியேழு வருஷம் இதுக்குத்தானா? என்னைப் பிடிக்கலன்னு நினைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? அட மடையா!”

அண்ணி அவரை அப்படிக் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை. சொல்லிவிட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார், சிரிப்பை அடக்கமுடியாமல் கைப்பை ஆடியது. நர்ஸம்மா பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

ஏழாவது வளைவில், குழாய்க்கு முன்னால் புது டிரைவர் வண்டியை நிறுத்தினான். காய்கறிக் கடைக்காரர் தொண்டையைச் செருமினார். “டிரைவர் சார், பலகையில ஏதோ எழுதியிருக்கு” என்றார்.

அண்ணன் எழுந்தார். இறங்கினார், கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டார், வாளியைத் தூக்கினார். தான் அசிங்கம் பண்ணாத வண்டியை, பின் சீட்டுக்காரர்கள் பண்ணியதையும் சேர்த்துக் கழுவினார். அண்ணி குழாயடியில் நின்று கைப்பையைக் கழுவிக்கொண்டே, “அங்க ஓரத்துல விட்டுட்டீங்க” என்று மேற்பார்வை பார்த்தார். பாதியில் காய்கறிக் கடைக்காரரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். கழுவி முடித்ததும் அண்ணன் ஏறிப்போய்ப் பலகையைக் கழற்றித் தன் சீட்டுக்கடியில் தள்ளினார்.

புது டிரைவர் இறங்கிவந்து சாவியை நீட்டினான். “அண்ணே, மீதியை நீங்களே ஓட்டிடுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டோம்.”

“மாத்திரைதான் வெளிய வந்துடுச்சே அண்ணே, தூக்கமும் வராது” என்றேன் நானும். நிஜமாகவே அவர்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னேன்.

அண்ணன் சாவியைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பார்த்தார். அங்கே போய் உட்கார்ந்துவிட்டால் அந்த நிமிடமே வயிறு கல்லாகிவிடும், அவருக்குத் தெரியும். பிறகு, ஈரக் கைப்பையை உதறிக்கொண்டு நின்ற அண்ணியைப் பார்த்தார்.

“வேணாம்பா. நீயே ஓட்டு. நான் இவகூட உக்காந்து வர்றேன்.”

நர்ஸம்மா தன்னுடைய முன் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தார். ரோட்டைப் பார்த்த சீட், அதுவாவது கொஞ்சம் தேவலாம். “தூரத்துல தெரியற மலையையே பார்த்துட்டு வாங்க, தலையை ஆட்டாதீங்க” என்று சொல்லி, தன் பையிலிருந்து தேடி எடுத்த கவர் ஒன்றை என்னிடம் கொடுத்தார். அண்ணனும் அண்ணியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார்கள். அண்ணன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மலையை முறைத்தார்.

நான் விசில் கொடுத்துவிட்டு அண்ணியிடம் கவரை நீட்டினேன்.

“ஒண்ணு எப்படிம்மா பத்தும்?” என்றார் அண்ணி, அவர் முதுகைத் தடவிக்கொண்டே. “இன்னும் பதினோரு வளைவு இருக்கு. அப்புறம் என் தங்கச்சி வீட்டுக்கும் போகணும்.”